கேசியா, கலபாரா? ஜமைக்கா பள்ளித் தடகளத்தின் பெரும் பகை

"ஜமைக்காவில் கிங்ஸ்டன் காலேஜ், கலபார் என்ற இரண்டு பள்ளிக்கூடங்களின் ஓட்டப்பந்தயப் பகையைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? போல்ட் மாதிரி ஆட்கள் அதனால்தான் வருகிறார்களா?" என்பது கேள்வி.

பாதி ஆமாம். ஆனால் பலரும் நினைக்கிற காரணத்தால் அல்ல. நாட்டிலேயே வேகமான பையன் எந்தப் பள்ளியில் இருக்கிறான் என்பதை வைத்து இந்தப் பகை தீர்வதில்லை. வட்டு எறிதலில் எட்டாவதாக வந்தவன் எந்தப் பள்ளி, பதிமூன்று வயதுப் பொடியன்களின் ஓட்டத்தில் ஆறாவதாக வந்தவன் எந்தப் பள்ளி என்பதை வைத்துத்தான் தீர்கிறது. ஜமைக்காவின் தடகள பலத்துக்கே வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'சாம்ப்ஸ்'. ஜமைக்காவின் உயர்நிலைப் பள்ளிகளுக்கான ஆண்டுத் தடகளப் போட்டியை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 1910-இல் கிங்ஸ்டன் நகரத்தின் சபைனா பார்க்கில் தொடங்கியது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த அதே மைதானம்தான். ஆறு பள்ளிகள் கலந்துகொண்ட அந்த முதல் போட்டியை வுல்மர்ஸ் வென்றது. பெண்கள் போட்டி 1957-இல் தனியாகத் தொடங்கி, 1999 முதல் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து நடக்கின்றன. இப்போது மார்ச் கடைசியை ஒட்டி, தேசிய அரங்கத்தில் ஐந்து நாள். கடைசி நாளான சனிக்கிழமை அரங்கத்தில் 30,000 பேருக்குக் குறையாது. டிக்கெட் கிடைக்காதவர்கள் வீட்டில் டிவியை விட்டு நகரமாட்டார்கள். பிரதமரும் வருவார், பழைய ஒலிம்பிக் வீரர்களும் வருவார்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கோச்சுகள் கையில் நோட்டோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கோச்சுகள் கொடுக்கும் ஸ்காலர்ஷிப்தான் பல ஏழைப் பையன்களுக்கு மேற்படிப்புக்கான ஒரே வழி.

ஆண்கள் பட்டத்துக்கான கோப்பை மார்ட்டிமர் கெடஸ் கோப்பை. அதை அதிக முறை வாங்கியது கிங்ஸ்டன் காலேஜ்; 30 முறைக்கும் மேல். அடுத்த இடம் கலபாருக்கு. பெயரில் காலேஜ் இருந்தாலும் கிங்ஸ்டன் காலேஜ் உயர்நிலைப் பள்ளிதான். ஊரார் 'கேசி' என்பார்கள். ஊதா வெள்ளை அவர்கள் நிறம். கலபாருக்குப் பச்சை கறுப்பு. இரண்டுமே ஆண்கள் பள்ளிகள், இரண்டுமே கிங்ஸ்டனில், இரண்டையும் தொடங்கியவை தேவாலயங்கள். இந்த ஒற்றுமைதான் பகையை இன்னும் கூர்மையாக்குகிறது.

இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன என்று பார்த்தால்தான் பகையின் வேகம் புரியும். சாம்ப்ஸைத் தொடங்கிவைத்த பள்ளிகளில் பழமையானவை காலனிக் காலத்து வசதியானவர்களின் பள்ளிகள். வுல்மர்ஸ் 1729-ஆம் ஆண்டுப் பள்ளி, ஜமைக்கா காலேஜ் 1789. கலபார் 1912-இல் பாப்டிஸ்ட் சபையினர் தொடங்கியது. குறைந்த வசதியுள்ள கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பாப்டிஸ்ட் போதகர்களின் பிள்ளைகளுக்கும் உயர்நிலைக் கல்வி கிடைக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கேசி 1925-இல் ஆங்கிலிக்கன் சபையின் பள்ளியாக, பெர்சிவல் கிப்சன் தலைமையில், 49 பையன்களோடு ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் தொடங்கியது. பின்னாளில் ஜமைக்காவின் பிஷப்பான கிப்சன் கறுப்பினத்தவர். மற்ற பள்ளிகளின் வாசலில் இடம் கிடைக்காத பையன்களை உள்ளே கொண்டுவருவதுதான் தன் வேலை என்று இருந்தவர். 'வீரன் விழலாம், பணியமாட்டான்' என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். அதன் முதல் சொல்லான 'ஃபோர்டிஸ்' என்பதைத்தான் இன்றும் ஊதாச் சட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் சொல்லிக்கொள்கிறார்கள். கலபார்க்காரர்கள் தங்கள் பெயரையே பின்னாலிருந்து படித்து 'ரபலாக்' என்று முழங்குவார்கள்.

ஆக, பழைய செல்வாக்கை உடைத்துக்கொண்டு மேலே வந்த இரண்டு பள்ளிகள் இவை. ஜமைக்காவில் ஒருவரை முதல்முறை சந்திக்கும்போது எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்பது சாதாரணம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் எழுதும் நுழைவுத் தேர்வுதான் ஒரு பிள்ளை எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் என்று தீர்மானிக்கிறது. முன்பு காமன் என்ட்ரன்ஸ், பிறகு ஜிசாட், இப்போது பெப். நல்ல பள்ளியில் இடம் கிடைத்தால் குடும்பமே நிமிர்ந்து நிற்கும். அந்தப் பள்ளியின் பெயர் சாகும்வரை கூட வரும். டொரன்டோவிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் சங்கம் வைத்து ஸ்பைக்ஸ் வாங்க, சத்தான சாப்பாடு போட, கோச்சுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் அனுப்புகிறார்கள். அரசு மட்டும் செய்திருந்தால் இது இந்த அளவுக்கு வந்திருக்காது.

களத்தில் நடந்ததற்கு வருவோம். முதலில் பெரிய பெயர்களைக் கொடுத்தது கலபார். ஹெர்ப் மெக்கென்லி அங்கே படித்தவர். ஆர்தர் விண்டும் சில காலம் அங்கே இருந்து பிறகு எக்செல்சியர் பள்ளிக்குப் போனவர். 1948 லண்டன் ஒலிம்பிக் 400 மீட்டரில் விண்ட் தங்கம், மெக்கென்லி வெள்ளி. நான்கு ஆண்டு கழித்து ஹெல்சின்கியில் மெக்கென்லிக்கு 100 மீட்டரிலும் வெள்ளி, 400 மீட்டரிலும் வெள்ளி. தங்கம் கைக்கு வராமலே போய்விடுமோ என்றிருந்த நேரத்தில் 4x400 ரிலே வந்தது. மூன்றாவது ஆளாக அவர் பேட்டனை, அதாவது கைமாற்றும் குச்சியை, வாங்கியபோது அமெரிக்கர் சார்லி மோர் பத்து மீட்டருக்கு மேல் முன்னால் இருந்தார். மெக்கென்லி அந்தச் சுற்றை 44.6 விநாடியில் ஓடி, ஒரு அடி முன்னால் பேட்டனை ஜார்ஜ் ரோடனிடம் கொடுத்தார். ஜமைக்கா 3:03.9, அமெரிக்கா 3:04.0. உலக சாதனை. ஜமைக்கா அப்போது சுதந்திர நாடுகூட இல்லை. அந்த மெக்கென்லி ஊருக்குத் திரும்பி வந்து கலபார் பையன்களுக்கும் தேசிய அணிக்கும் பல ஆண்டு பயிற்சி கொடுத்தார். ஒலிம்பிக் ஓடிய கால்கள் பள்ளி மைதானத்துப் புல்லில் வந்து நின்றால் ஒரு பொடியன் மனதில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு கேசியின் காலம். ஜமைக்கா சுதந்திரம் பெற்ற 1962-இல் தொடங்கி 1975 வரை தொடர்ந்து 14 ஆண்டு ஆண்கள் பட்டம் அவர்களுடையது. அந்தத் தொடரை எந்த ஆண்கள் பள்ளியும் இதுவரை தொட்டதில்லை. 1968 மெக்சிகோவில் 100 மீட்டர் வெள்ளியும் 1972 மியூனிக்கில் வெண்கலமும் வாங்கிய லெனக்ஸ் மில்லர் கேசி மாணவர். 1964-இல் பிலடெல்ஃபியாவின் பென் ரிலேஸ் போட்டிக்குப் போன முதல் ஜமைக்கப் பள்ளியும் கேசிதான். அன்று திறந்த வழியில் இன்று ஆண்டுதோறும் ஏப்ரலில் ஜமைக்கப் பள்ளிகள் கூட்டமாகப் போய் அமெரிக்கப் பள்ளிகளை ரிலேயில் வென்று வருகின்றன.

2012-இல் கலபார் பிடித்தது. 2018 வரை ஏழு ஆண்டு விடவில்லை. கேசிக்காரர்களுக்கு அந்த ஏழு ஆண்டும் நரகம். 2019-இல் கேசி கோப்பையை மீட்டபோது ஊதா நிறத்தில் நகரமே ஆடியது. 2020-இல் கொரோனாவால் சாம்ப்ஸ் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நடுவில் புகுந்தது ஜமைக்கா காலேஜ்: 2021-இல் அவர்கள், 2022-இல் கேசி, 2023-இல் மறுபடி அவர்கள், 2024-இலும் 2025-இலும் கேசி. அண்மை ஆண்டுகளின் கணக்கை மட்டும் பார்த்தால் கேசிக்கு நேர் எதிரி ஜமைக்கா காலேஜ்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு கேசிப் பழைய மாணவரிடம் யாரை வெல்ல ஆசை என்று கேட்டால் பச்சை கறுப்பைத்தான் சொல்வார்.

இப்போது நான் முதலில் சொன்ன புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு போட்டியிலும் முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளி உண்டு, எட்டாவதுக்கு ஒன்று. பையன்களுக்கு மூன்று வயதுப் பிரிவுகள்: 19-க்குக் கீழே முதல் வகுப்பு, 16-க்குக் கீழே இரண்டாம் வகுப்பு, 14-க்குக் கீழே மூன்றாம் வகுப்பு. ஓட்டம், தடை ஓட்டம், ரிலே, நீளம், உயரம், மும்முறை, கோலூன்றல், குண்டு, வட்டு, ஈட்டி எல்லாம் ஒரே கணக்கில் சேரும். பட்டம் வெல்ல ஏறக்குறைய 300 புள்ளி தேவைப்படும். ஒரு நட்சத்திர ஓட்டக்காரன் 100, 200 இரண்டையும் வென்றாலும் 20 புள்ளியை ஒட்டித்தான் கொடுக்கமுடியும். மீதி 280 எங்கிருந்து வரும்?

இதற்கு உசைன் போல்ட்டை விட நல்ல சாட்சி இல்லை. 2003 சாம்ப்ஸில் அவர் 200 மீட்டரை 20.25 விநாடியிலும் 400 மீட்டரை 45.35 விநாடியிலும் ஓடி இரண்டிலும் சாதனை வைத்தார். அவர் படித்தது டிரெலானி மாவட்டத்தில் உள்ள வில்லியம் நிப் மெமோரியல் பள்ளி. உலகத்தின் வேகமான மனிதன் ஓடியும் அந்தப் பள்ளிக்குச் சாம்ப்ஸ் பட்டம் இல்லை. யோஹான் பிளேக் செயின்ட் ஜாகோ, ஷெல்லி-ஆன் ஃப்ரேசர் வுல்மர்ஸ் பெண்கள் பள்ளி, வெரோனிகா கேம்பெல் வியர் டெக்னிக்கல், எலைன் தாம்சன் மான்செஸ்டர் ஹை. கேசியும் கலபாரும் இல்லாமலே ஜமைக்காவுக்கு மாபெரும் ஓட்டக்காரர்கள் கிடைத்திருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் கேள்விக்குப் பாதி ஆமாம் என்றேன்.

அந்த இரண்டு பள்ளிகளின் பகை செய்தது வேறு வேலை. 280 புள்ளியைத் தேடி அவர்கள் யாரும் கவனிக்காத போட்டிகளுக்குப் போனார்கள். கலபார் வட்டு எறிதலில் கை வைத்தது. குறுந்தூர ஓட்டத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத தீவில், ஒரு பள்ளி வரிசையாக வட்டு எறிபவர்களை உருவாக்கியது. டிரேவிஸ் ஸ்மைக்கிள், ஃபெட்ரிக் டேக்ரெஸ், காய் சாங் மூவருமே கலபார். டேக்ரெஸ் 2011-இல் 18 வயதுக்கு உட்பட்டோர் உலகப் பட்டம், அடுத்த ஆண்டே 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் பட்டம், 2019-இல் ரபாத்தில் 70.78 மீட்டர், அதே ஆண்டு தோஹா உலகப் போட்டியில் வெள்ளி. காய் சாங் 2018-இல் 20 வயதுக்கு உட்பட்டோரில் தங்கம். மற்ற பள்ளிகள் சும்மா இருக்குமா? புள்ளி போகிறதே என்று அவையும் எறிதல் பயிற்சிக்கு ஆள் தேடின. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வட்டைச் சரியாக 70.00 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கிய ரோஜே ஸ்டோனா செயின்ட் ஜாகோ பள்ளிப் பையன். அதே ஒலிம்பிக்கில் ராஜிந்திரா கேம்பெல் குண்டு எறிதலில் வெண்கலம். ஜமைக்கா என்றால் வேக ஓட்டம் மட்டும்தான் என்று இனி யாரும் சொல்லமுடியாது.

கேசி தடை ஓட்டத்தில் இதையே செய்தது. 2016 ரியோவில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 13.05 விநாடியில் தங்கம் வாங்கிய ஓமர் மெக்லியட், 2021-இல் டோக்கியோவில் 13.04 விநாடியில் அதே தங்கத்தை வாங்கிய ஹான்சில் பார்ச்மென்ட், இருவரும் கேசியில் படித்தவர்கள். நீளம் தாண்டுதலில் பாரிஸ் வெள்ளி வாங்கிய வெயின் பின்னாக்கும் கேசி. கலபார் எறிந்தால் கேசி தாண்டும், கேசி தாண்டினால் கலபார் நடுத்தூரம் ஓடும். எதிரி எங்கே பலவீனமாக இருக்கிறான் என்று ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பரிலேயே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரி மாதச் சிறு போட்டிகளில் யார் எத்தனை மீட்டர், யார் எத்தனை விநாடி என்று பழைய மாணவர்கள் காகிதத்தில் புள்ளி கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேருக்கு நேர் மோதல்களுக்கும் குறைவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது 400 மீட்டர் கதை. 2013 மாஸ்கோ உலகப் போட்டியில், பள்ளிப் பருவம் முடியாத கலபார் பையன் ஜேவன் ஃப்ரான்சிஸ் 4x400 ரிலேயின் கடைசிச் சுற்றை ஓடினான். பின்னால் கிடந்த ஜமைக்காவை இழுத்து வந்து வெள்ளியில் சேர்த்தான். அடுத்த மார்ச்சில் பள்ளிச் சீருடைக்குத் திரும்பி சாம்ப்ஸில் 45.00 ஓடினான். பதினொரு ஆண்டு நின்ற போல்ட்டின் 45.35 போயிற்று. 44-இல் தொடங்கும் எண்ணுக்கு ஒரு மயிரிழை. அந்த மயிரிழையை 2016-இல் தாண்டியவன் கேசியின் அகீம் புளூம்ஃபீல்ட்: 44.93. இவனை விரட்டிக்கொண்டு வந்தவன் செயின்ட் ஜாகோவின் நேதன் ஆலன். கலபாரின் சாதனையை கேசி உடைத்தது என்பதில் அன்று ஊதா வரிசைகளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 100 மீட்டரிலும் அப்படித்தான். 2014-இல் 10.12 ஓடிச் சாதனை வைத்த ஜார்னெல் ஹியூஸ் கேசி மாணவன். அங்குயிலா தீவிலிருந்து பயிற்சிக்காக கிங்ஸ்டன் வந்தவன். இன்று பிரிட்டனின் 100 மீட்டர் சாதனை, 9.83, அவருடையது. 2023-இல் கேசியின் புவாஜி நிக்ரூமி 9.99 ஓடினான். ஒரு பள்ளிக்கூடப் போட்டியில் பத்து விநாடிக்குள்!

கலபாருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் 9.77 ஓடி 100 மீட்டர் தங்கம் வாங்கிய ஓப்லிக் செவில் கலபார் மாணவர். 2015-இல் போல்ட் வென்ற பிறகு அந்தப் பட்டம் ஜமைக்காவுக்குத் திரும்பியது அப்போதுதான். 2012 லண்டனில் 200 மீட்டர் வெண்கலம் வாங்கிய வாரன் வியரும் கலபார்தான்.

பகையின் கெட்ட பக்கத்தை மறைத்தால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. பெரிய குறை, பையன்களை இழுப்பது. கிராமத்துப் பள்ளி ஒன்று ஒரு பொடியனைக் கண்டுபிடித்து இரண்டு ஆண்டு வளர்க்கும். பதினாறு வயதில் அவன் கிங்ஸ்டன் பள்ளி ஒன்றின் சட்டையில் நிற்பான். மெக்லியட் கேசிக்கு வரும் முன் மான்செஸ்டர் ஹையில் இருந்தவர், பார்ச்மென்ட் மோரன்ட் பே ஹை. செவில் செயின்ட் தாமஸ் மாவட்டத்துக்காரர். இதில் பையனுக்கு லாபம் உண்டு. நல்ல கோச், நல்ல சாப்பாடு, அமெரிக்கக் கோச்சுகளின் கண். ஆனால் அவனை முதலில் கண்டுபிடித்த கிராமத்து உடற்பயிற்சி ஆசிரியருக்கு என்ன மிச்சம்? போட்டியை நடத்தும் பள்ளிகள் சங்கமான இஸ்ஸா, மாறி வரும் மாணவர்களுக்குக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் அது போதாது. வளர்த்த பள்ளிக்கும் அந்தப் பையன் எடுக்கும் புள்ளியில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும்.

இன்னொரு குறை, உடம்பைப் பிழிவது. ஹீட் என்ற முதல் சுற்று, அரையிறுதி, இறுதி, நடுவில் ரிலே என்று ஐந்து நாளில் ஒரு பையன் எத்தனை முறை ஓடவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவன் கலந்துகொள்ளும் தனிநபர் போட்டிகளுக்கு வரம்பு வைத்திருப்பது நல்ல மாற்றம். சாம்ப்ஸில் ஜொலித்துப் பிறகு காணாமல் போனவர்கள் நிறைய என்பது உண்மை. எல்லாவற்றுக்கும் சாம்ப்ஸைக் குற்றம் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்: புளூம்ஃபீல்ட் பள்ளியை முடித்த இரண்டு ஆண்டில் 400 மீட்டரை 43.94 விநாடியில் ஓடினார்.

கோச்சுகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1980-இல் கியூபா கட்டிக்கொடுத்த ஜி.சி. ஃபாஸ்டர் உடற்பயிற்சிக் கல்லூரி இருப்பதால்தான் பள்ளிதோறும் படித்த கோச் கிடைக்கிறார். ஃபாஸ்டர் என்பவர் 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடுவதற்காக வாழைப்பழக் கப்பலில் ஏறிப் போனவர். ஜமைக்கா உறுப்பு நாடு இல்லை என்று அவரை ஓடவிடவில்லை. திரும்பி வந்து தன் வாழ்நாளைப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் செலவழித்தார். பகை என்ற நெருப்பு இருந்தாலும், அதைச் சமையலுக்குப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் வேண்டுமே; அந்த ஆட்களை இந்தக் கல்லூரி கொடுத்தது.

பெண்கள் பக்கத்தில் கதையே வேறு. அங்கே கிங்ஸ்டனுக்கு வெளியே இருக்கும் பள்ளிகளின் ராஜ்யம்: முன்பு வியர் டெக்னிக்கல், பிறகு ஹோம்வுட் டெக்னிக்கல், அடுத்து எட்வின் ஆலன், இப்போது ஹைடல். அது தனிப் பதிலுக்கு உரிய விஷயம்.

அடுத்த சாம்ப்ஸை இணையத்தில் பார்க்க உட்கார்ந்தால் முதல் வகுப்பு 100 மீட்டர் இறுதியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். முதல் இரண்டு நாளிலேயே புள்ளிப் பட்டியலைத் திறந்து வையுங்கள். எறிதலிலும் தாண்டுதலிலும் யார் எத்தனை பேரை இறுதிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பொடியன்களில் ஊதா எத்தனை, பச்சை எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு கோப்பை யார் கையில் இருக்கும் என்பது அதிலேயே தெரியும். சனிக்கிழமை மாலை 4x400 ரிலே தொடங்கும்போது இரண்டு பள்ளிக்கும் நடுவில் ஐந்தாறு புள்ளிதான் வித்தியாசம் என்றால், ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.